உத்தரவாதத்தின் விலை

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலோரமாகச் செல்பவர்க்கு, ஏறத்தாழ 170 ஆண்டுகளின் பொருளாதார வரலாறு கண்முன் விரியும். இரயில் நிலையம், துறைமுகம், தொழிற்சாலைகள், அனல் மின் நிலையங்கள் என வரிசையாக அவை தோன்றும். இவையெல்லாம் யாருடைய பணத்தால் எழுந்தன? அப்பணம் திரும்பாமற் போனால் அந்தச் சுமையை ஏற்பவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள், தென்னாட்டின் முதல் பயணி இரயில் போக்குவரத்து இராயபுரத்தில் தொடங்கிற்று. அப்பாதை வாலாஜா ரோடு வரை சென்றது. அதை அமைத்த சென்னை இரயில்வே கம்பெனி ஒரு தனியார் நிறுவனம்; அதில் முதல் போட்டவர் பெரும்பாலும் இங்கிலாந்து தேசத்தார். தொலைதூர நாட்டில் பணம் போட அவர்கள் தயங்கலாகாது என்று, நூற்றுக்கு 5 என்ற அளவில் வட்டிக்கு அரசு உத்தரவாதம் அளித்தது. வருமானம் அந்த அளவை எட்டாவிடில், குறைந்ததை இந்திய அரசாங்கத்தின் வருவாயிலிருந்து ஈடுசெய்ய வேண்டும். அவ்வருவாயில் பெரும்பங்கு உழவர் செலுத்திய நிலவரி அன்றோ! ஆகவே இலாபம் பங்குதாரரைச் சேர்ந்தது. நஷ்டம் ஏர் பிடித்தவரைச் சேர்ந்தது.

இருப்புப்பாதையால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும், நஷ்டத்துக்கு அஞ்ச வேண்டாதவர் சிக்கனத்தைப் பேணுவது அரிது. செலவு மிகுந்துவிட்டது என்ற குறை எழவே, 1869-இல் அரசாங்கம் தானே கடன் வாங்கிப் புதிய பாதைகளை அமைக்க முடிவு செய்தது. பின்னர் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் நாட்டை வாட்டிற்று. மழை பொய்த்தது, விளைச்சல் குன்றி வரி வசூலும் சரிந்தது. இலண்டனில் செலுத்த வேண்டிய வட்டியோ நிற்கவில்லை. வானத்தின் மாறுதலும் கருவூலத்தின் வலிமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அன்றே நாடு கண்டது.

உத்தரவாதம் இல்லாத இடத்தில் நேர்வது என்ன? 1906 அக்டோபர் 22 அன்று, சென்னையில் பெருமதிப்புப் பெற்றிருந்த அர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. ஆயிரக்கணக்கானோர் தம் சேமிப்பை இழந்தனர். மறு ஆண்டே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் இந்தியன் வங்கி பிறந்தது. கடன் கொடுத்த நிறுவனம் ஆட்டங்கண்டால், அந்தப் பேரிடி தொழிலோடு தொடர்பே இல்லாத எளியவர் வீட்டிலும் விழும் என்பது அந்நிகழ்ச்சி தந்த பாடம்.

இவ்விரண்டு பாடங்களையும் மனத்திற்கொண்டு எண்ணூருக்கு வருவோம். அங்கே 450 மெகாவாட் திறனுடைய அனல் மின் நிலையம் 1970 முதல் படிப்படியாக இயங்கத் தொடங்கியது. 2001-இல் நிலக்கரிக் கப்பல்களுக்கென்றே எண்ணூர்த் துறைமுகம் எழுந்தது. பழைய நிலையம் முதுமையுற்று 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில், 'உதய்' திட்டத்தின்கீழ், மின் பகிர்மானக் கழகத்தின் கடனில் ரூ. 22,815 கோடியைத் தமிழக அரசு தானே ஏற்க ஒப்புக்கொண்டது. மின்சாரம் விற்ற விலை அதன் செலவை ஈடுசெய்யாததால் பெருகிய கடன் அது. நிறுவனத்தின் கடன் அரசின் கடனாயிற்று. இராயபுரத்தின் கதை வேறு உருவில் மீண்டது.

இன்று புதியதோர் அபாயம் சேர்ந்திருக்கிறது. 2070-க்குள் கரியமில வாயுவின் நிகர வெளியேற்றத்தைச் சுழியாக்குவதாக 2021-இல் இந்தியா உலகறிய வாக்களித்தது. வட சென்னையிலோ 800 மெகாவாட் திறனுடைய மூன்றாம் கட்ட அனல் மின் நிலையம் 2024-இல் திறக்கப்பட்டது. இத்தகைய நிலையம் பல பத்தாண்டுகள் உழைக்கும் என்று கணக்கிட்டே கடன் வாங்கப்படுகிறது. கதிரவனும் காற்றும் மலிவாக மின்சாரம் தந்து, நிலக்கரி உலைகள் நாளின் பெரும்பகுதி ஓய்ந்திருக்க நேர்ந்தால், எரிபொருட் செலவு குறையும். கடன் தவணை குறையாது. தவணை தவறினால் கடன் கொடுத்த நிதி நிறுவனம் தளரும். உத்தரவாதம் தந்த அரசு அதைத் தாங்க வேண்டும். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உரிய பணம் வட்டிக்குப் போகும். இச்சங்கிலியைக் கருதியே, 2022-இல் ரிசர்வ் வங்கி பருவநிலை மாற்றத்தால் வங்கிகளுக்கு நேரக்கூடிய இடர்களைப் பற்றிய விவாத அறிக்கையை வெளியிட்டது.

அப்படியாயின் மாற்றத்தை ஒத்திப்போடலாமா? அதற்கும் விலை உண்டு. கொசஸ்தலை ஆற்றில் படிந்த நிலக்கரிச் சாம்பலும், அதனால் மீன்வளம் குன்றிய மீனவரின் துயரும் எந்தக் கடன் பத்திரத்திலும் எழுதப்படாத கடன்கள்.

மாணவர்களே, உத்தரவாதம் தீயதன்று. அது இன்றேல் பெரும்பணிகள் பல நடவா. ஆனால் பொருளின் ஆயுள் எவ்வளவு, கடனின் ஆயுள் எவ்வளவு, முன்னது முதலில் முடிந்தால் மிச்சத்தைக் கட்டுபவர் யார் என்ற மூன்று கேள்விகளைக் கையொப்பத்துக்கு முன்பே கேட்க வேண்டும். 1856-இல் நிலவரி கட்டிய உழவர்க்கு அவற்றைக் கேட்கும் உரிமை இருக்கவில்லை. வாக்குரிமை பெற்ற உங்களுக்கு அது இருக்கிறது.