ஒரு திருகாணியால் நின்றுபோகும் தொழில்: கரையோரப் பட்டறைகளில் திருகாணியும் சிறு கருவியும் செய்யும் முறை

தோணியின் வெளியிணைப்பு இயந்திரம், மருதமுனைக் கைத்தறி, வயலில் நிற்கும் உழவு இயந்திரம், வீட்டு மூலையில் இருக்கும் தையல் இயந்திரம் ஆகிய நான்கும் ஒரே காரணத்தால் நின்றுபோகலாம். ஒரு சிறிய திருகாணி உடைந்தோ தொலைந்தோ போவதுதான் அந்தக் காரணம். பொருளின் விலை சில ரூபாய்தான். ஆனால் அது கடையில் இல்லையென்றால் ஒரு குடும்பத்தின் வருமானம் நின்றுவிடும்.

யுத்தத்திற்கும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கும் பின்னர் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் பகுதிகளில் வாழ்வாதார உதவியாகப் பலருக்குத் தையல் இயந்திரங்களும் தோணி இயந்திரங்களும் கிடைத்தன. உதிரிப்பாகத்திற்கு யாரும் பொறுப்பெடுக்கவில்லை. 2022 ஆம் ஆண்டு டொலர் இல்லாமல் இறக்குமதிகள் முடங்கியபோது, பழைய பாகத்தை உயிர்ப்பிக்கத் தெரிந்த லேத் பட்டறைதான் கைகொடுத்தது. அந்த வேலையின் அடிப்படைகளை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

மரையை அடையாளம் காணுதல்

திருகாணி செய்வதில் முதல் வேலை வெட்டுவது அல்ல, அளப்பது. மூன்று விடயங்கள் தெரிய வேண்டும்: வெளிவிட்டம், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, மரையின் கோணம்.

1841 இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஜோசப் விட்வேர்த் 55 பாகை கொண்ட பொது மரையை முன்வைத்தார். அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரையை வைத்திருந்தது. கருவிகளுக்கும் மின்சாதனங்களுக்கும் உரிய சிறு திருகாணிகளுக்கு 1884 இல் 'பிஏ' எனப்படும் 47.5 பாகை மரை வந்தது. இன்று நாம் வாங்கும் மெட்ரிக் மரையும் அமெரிக்க மரையும் 60 பாகை. பிரித்தானியர் காலத்து இயந்திரங்களும் ஜப்பானிய இயந்திரங்களும் ஒன்றாகக் கிடக்கும் நமது பட்டறைகளில் இந்த மரைகள் எல்லாமே வந்துசேரும்.

குழப்பம் எங்கே வருகிறது என்பதற்கு ஓர் உதாரணம். '0 பிஏ' திருகாணியின் விட்டம் 6 மில்லிமீற்றர், இடைவெளி 1 மில்லிமீற்றர். எம்6 திருகாணிக்கும் அதே விட்டம், அதே இடைவெளி. கோணம் மட்டும் வேறு. இரண்டு மூன்று சுற்றுப் போகும், பிறகு இறுகும். பலம் கொடுத்துத் திருகினால் துளையின் மரை பாழாகும். தையல் இயந்திரங்களிலும் இதே கதைதான். பல இயந்திரங்களில் 9/64 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 40 மரையும் கொண்ட திருகாணி இருக்கும். அதன் விட்டம் ஏறத்தாழ 3.57 மில்லிமீற்றர். எம்4 அதற்குப் பெரிது. எம்3.5 பொருந்துவது போலத் தெரியும், ஆனால் இடைவெளி 0.6 மில்லிமீற்றர் என்பதால் பொருந்தாது.

மரை அளவி இல்லாதவர்கள் திருகாணியை வெள்ளைத் தாளில் அழுத்தி, பதியும் கோடுகளில் பத்து இடைவெளிகளை ஒன்றாக அளக்கலாம். 10 மில்லிமீற்றர் வந்தால் இடைவெளி 1 மில்லிமீற்றர். 12.7 மில்லிமீற்றர் வந்தால் அது அங்குலத்துக்கு 20 மரை.

துளையில் மரை போடுவதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. மெட்ரிக் மரையில் விட்டத்திலிருந்து இடைவெளியைக் கழித்தால் துளையிட வேண்டிய அளவு வரும். எம்3 இற்கு 2.5, எம்4 இற்கு 3.3, எம்5 இற்கு 4.2, எம்6 இற்கு 5 மில்லிமீற்றர்.

செய்யும் முறை

முதலில் உலோகம். சாதாரண இடங்களுக்கு மென்உருக்கு போதும். இழுவை தாங்க வேண்டிய இடத்திற்குத் தலையில் 8.8 எனப் பொறித்த பழைய போல்ட்டைக் கடைந்து எடுக்கலாம். கடலில் போகும் இயந்திரத்திற்கு 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு நல்லது. ஆனால் அதை அலுமினிய உடலில் பூட்டும்போது கிறீஸ் பூச வேண்டும். பூசாவிட்டால் உப்பு நீரில் இரண்டு உலோகங்களும் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். அடுத்த முறை கழற்றும்போது திருகாணி உடையும்.

லேத்தில் தண்டை இறுதி விட்டத்தைவிட ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் குறைவாகக் கடைய வேண்டும். டை வெட்டும்போது உலோகம் சற்றுப் பிதுங்கும் என்பதால் இந்த இடம் தேவை. முனையைச் சாய்வாக்கி, எண்ணெய் விட்டு, டையை நேராக வைத்துத் திருப்ப வேண்டும். அரைச் சுற்றுப் போனால் கால் சுற்றுத் திரும்பினால்தான் துகள் அறுபடும். சிறு திருகாணிகள் உடைவது பெரும்பாலும் அவசரத்தால்தான்.

டை கிடைக்காத மரையை லேத்திலேயே வெட்ட வேண்டும். அங்குல அளவில் அமைந்த பழைய லேத்தில் மெட்ரிக் மரை வெட்ட 127 பல் கொண்ட சில்லு தேவை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், அதை ஐந்தால் பெருக்கினால் 127 வரும். அந்தச் சில்லு இருக்கிறதா என்று பார்த்துப் பழைய லேத்தை வாங்குவது புத்தி.

மரை வெட்டிய பிறகு தலையைக் கடையத் திருகாணியை நேரடியாகச் சக்கில் பிடித்தால் மரை நசுங்கும். ஒரு சிறு பித்தளைக் கட்டையில் அதே மரையைப் போட்டு, ஒரு பக்கம் வாளால் பிளந்து, அதற்குள் திருகாணியை ஏற்றிப் பிடிக்க வேண்டும். இந்தப் பித்தளைக் கட்டைகளை எறியாமல் அளவு பொறித்து வைத்தால் சில வருடங்களில் பட்டறையின் சொத்தாகிவிடும்.

திருப்புளி: மறந்துபோகும் பாதி

நல்ல திருகாணியும் தவறான திருப்புளியால் கெடும். இதை அதிகம் உணர்ந்தவர்கள் கடிகாரக்காரரும் துப்பாக்கிக் கொல்லரும். பழைய ரிவோல்வர்களின் சிறு திருகாணிகள் பொதுச் சந்தையில் கிடைக்காத அளவுகளில் இருக்கும். பிளவு சிதைந்தால் மாற்றுக் கிடையாது. ஆகவே அவர்கள் கடைத் திருப்புளியைப் பயன்படுத்துவதில்லை. கடைத் திருப்புளியின் முனை ஆப்பு வடிவம் கொண்டது. அது பிளவின் மேல் விளிம்பை மட்டும் தொட்டு, திருகும்போது மேலே எழும்பி விளிம்பைத் தின்னும். கொல்லர் முனையின் இரு பக்கங்களையும் இணையாகத் தீட்டி, பிளவின் அகலமும் தடிப்பும் முழுவதும் நிரம்பும்படி ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு திருப்புளி செய்வார். தையல் இயந்திரத்திற்கும் நாம் அதையே செய்யலாம்.

வெள்ளி உருக்குக் கம்பியின் முனையை அரத்தால் வடிவமைத்து, செந்நிறமாகும் வரை, அதாவது ஏறத்தாழ 780 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்தினால் கண்ணாடி போல் கடினமாகும். அப்படியே விட்டால் உடையும். முனையைப் பளபளப்பாகத் தேய்த்து மெதுவாக மீண்டும் சூடாக்கினால் நிறம் மாறும்: வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, பிறகு நீலம். ஊதா நீலமாகும் கட்டத்தில், ஏறத்தாழ 290 பாகையில், நிறுத்திக் குளிர வைத்தால் வளையாமலும் உடையாமலும் நிற்கும்.

ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் 'கூட்டல்' தலைத் திருகாணிகள் சாதாரண பிலிப்ஸ் திருப்புளிக்கு உரியவை அல்ல. அவற்றுக்கு ஜப்பானியத் தரத் திருப்புளி வேண்டும். இது தெரியாததால்தான் எத்தனையோ திருகாணிகளின் தலை தேய்கிறது.

சட்டமும் பாதுகாப்பும்

அமெரிக்காவில் பழைய ரிவோல்வரை வீட்டிலேயே திருத்துவது ஒரு பொழுதுபோக்கு. இங்கே அப்படியல்ல. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதும் தயாரிப்பதும் குற்றமாகும். பன்றி விரட்டும் துப்பாக்கி என்று சொல்லி ஒரு பாகத்தைக் கொண்டுவந்து "சின்ன வேலைதானே" என்று கேட்டாலும் பட்டறைக்காரர் கைவைக்கக் கூடாது. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் இக்கரையோர ஊர்களில் நடந்த தேடுதல்களைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்த இயந்திரத்தின் பாகம், யாருக்காகச் செய்தது என்று ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வைப்பது வியாபாரத்திற்கும் நல்லது, பாதுகாப்பும் கூட.

லேத்தில் சாரத்தோடும் நீண்ட கைச்சட்டையோடும் நிற்க வேண்டாம். கையுறை போடவும் வேண்டாம், சுழலும் தண்டு கையுறையோடு விரலையும் இழுத்துவிடும். கண்ணாடி அணியாமல் இயந்திரத்தைத் தொடக் கூடாது. சக்கின் சாவியை அதிலேயே விட்டுவிட்டு ஓட்டினால் அது குண்டு போலப் பறக்கும்.

கைத்தொழிலுக்குச் சான்றிதழ்

யுத்த காலத்தில் படிப்பை இழந்து பட்டறையில் தொழில் பழகியவர்கள் நம்மிடையே பலர். கை வேலை செய்யும், கடதாசி இருக்காது. வெளிநாட்டு வேலைக்கும் வங்கிக் கடனுக்கும் கேட்கப்படுவது அந்தக் கடதாசிதான். முறையாகப் படிக்காதவரும் தன் திறமையைச் செய்து காட்டி, முற்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழி உண்டு. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையான 'நைட்டா' இந்த மதிப்பீட்டை நடத்துகிறது. மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். செய்த வேலைகளின் மாதிரிகளும் படங்களும் அப்போது உதவும். மேலே சொன்ன கொப்பியும் ஒரு சாட்சியாகும்.

பட்டறை வைத்திருப்பவர்கள் அக்கம்பக்கத்தில் முடங்கிக் கிடக்கும் தையல் இயந்திரங்களை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். அவற்றில் சிலவற்றுக்கு ஒரு திருகாணி மட்டுமே தேவையாக இருக்கும். அரை நாள் வேலையில் ஒரு வீட்டின் வருமானம் மீண்டும் ஓடத் தொடங்கும்.