மைசூரு மக்களவைத் தொகுதி: காங்கிரஸ் கோட்டை பாஜக வசமான வரலாறு

மைசூரு: உடையார் மன்னர்களின் தலைநகராக விளங்கிய மைசூரு, நாடு விடுதலை பெற்ற பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் காங்கிரஸ் கட்சியின் கோட்டையாக இருந்தது. இன்று அதே தொகுதியில் பாஜக தொடர்ந்து மூன்று முறை வென்றுள்ளது. 2024 ஜூன் 4 அன்று வெளியான முடிவில், பாஜக வேட்பாளரும் அரச குடும்பத்தின் வாரிசுமான யதுவீர் கிருஷ்ணதத்த சாமராஜ உடையார் 7,95,503 வாக்குகள் பெற்று, காங்கிரஸின் எம்.லட்சுமணாவை 1,39,262 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

தொடர்ந்து 10 வெற்றிகள்

1952 முதல் பொதுத்தேர்தலில் மைசூரு இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. காங்கிரஸின் என்.ராச்சய்யாவும், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் எம்.எஸ்.குருபாதசாமியும் தேர்வாகினர். அதன்பின் 1957 முதல் 1996 வரை நடைபெற்ற 10 பொதுத்தேர்தல்களிலும் காங்கிரஸே வென்றது. நெருக்கடி நிலைக்குப் பின் 1977-இல் வட இந்தியாவில் அக்கட்சி வீழ்ந்தபோதும் மைசூரு கைவிடவில்லை.

தலைநகரங்கள் ஒரே கட்சியின் பக்கம் நிற்பது உலகில் அரிதல்ல. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன், தனக்கு வாக்குரிமை கிடைத்தபின் 1964-இல் வந்த முதல் அதிபர் தேர்தலிலிருந்து இன்றுவரை ஜனநாயகக் கட்சியையே ஆதரித்து வருகிறது. ஆனால், மைசூருவின் பற்று 1998-இல் முறிந்தது. அவ்வாண்டு சி.எச்.விஜயசங்கர் மூலம் பாஜக முதன்முறையாக இத்தொகுதியைக் கைப்பற்றியது.

அரண்மனையும் வாக்குப்பெட்டியும்

மைசூருவின் கடைசி மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையார், பின்னாளில் மைசூர் மாநிலத்திற்கும், 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்திற்கும் ஆளுநராக இருந்தவர். அவருடைய மகன் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் 1984, 1989, 1996, 1999 ஆகிய நான்கு தேர்தல்களில் காங்கிரஸ் சார்பில் வென்றார்.

எனினும், அரச குடும்பப் பெயர் மட்டும் வெற்றியைத் தரவில்லை. 1991-இல் அவர் பாஜக சார்பில் களமிறங்கியபோது, முன்னாள் முதல்வர் தேவராஜ் அர்ஸின் மகள் சந்திரபிரபா அர்ஸிடம் தோற்றார். வென்றவர் காங்கிரஸ் வேட்பாளர். 2004-இல் காங்கிரஸ் சார்பில் போட்டியிட்டும் உடையார் வெற்றி பெறவில்லை. விஜயசங்கர் மீண்டும் வென்றார்.

எல்லை மாற்றம் தந்த திருப்பம்

2008 தொகுதி மறுசீரமைப்பில், அதுவரை மங்களூரு தொகுதியில் இருந்த குடகு மாவட்டம் மைசூருவுடன் இணைந்தது. இப்போது மடிக்கேரி, விராஜ்பேட்டை, பிரியபட்டணா, ஹுன்சூர், சாமுண்டேஸ்வரி, கிருஷ்ணராஜா, சாமராஜா, நரசிம்மராஜா ஆகிய 8 சட்டப்பேரவைத் தொகுதிகள் இதில் அடங்கும். குடகின் இரு தொகுதிகளையும் 2008, 2013, 2018 பேரவைத் தேர்தல்களில் பாஜகவே வென்றது.

2009-இல் காங்கிரஸின் அடகூர் எச்.விஸ்வநாத் 7,691 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அதுவே இத்தொகுதியில் காங்கிரஸ் பெற்ற கடைசி வெற்றி. 2014-இல் பாஜகவின் பிரதாப் சிம்ஹா 31,608 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2019-இல், காங்கிரஸுக்கு மாறியிருந்த விஜயசங்கரை அவர் 1,38,647 வாக்குகள் வித்தியாசத்தில் வீழ்த்தினார்.

ஓராண்டில் மாறிய தீர்ப்பு

2023 சட்டப்பேரவைத் தேர்தலில் இந்த 8 தொகுதிகளில் காங்கிரஸ் 5, மதச்சார்பற்ற ஜனதா தளம் 2, பாஜக 1 இடத்தில் வென்றன. மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்த சித்தராமையா முதல்வரானார். ஆனால், 2024 ஏப்ரல் 26 வாக்குப்பதிவில், மதச்சார்பற்ற ஜனதா தளத்துடன் கூட்டணி அமைத்த பாஜக பெருவெற்றி பெற்றது.

இதுவரை நடந்த 18 பொதுத்தேர்தல்களில், 1952 நீங்கலாக, காங்கிரஸ் 12 முறையும் பாஜக 5 முறையும் இத்தொகுதியில் வென்றுள்ளன. பேரவைக்கு ஒரு கட்சி, மக்களவைக்கு வேறொரு கட்சி எனத் தேர்ந்தெடுக்கும் மைசூருவை, எக்கட்சியும் இனி நிரந்தரக் கோட்டையாகக் கருத இயலாது என்பதையே இந்த எண்கள் உணர்த்துகின்றன.