சிறு கடிக்காயங்களுக்கான நோய்க் குறியீடு
உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலில் நாய்க்கடிக்கு ஒரே குறியீடு போதாது. எஸ்61 என்பது மணிக்கட்டிலோ கையிலோ திறந்த காயம் என்று மட்டுமே சொல்லும். கத்தி பட்டதா, நாய் கடித்ததா என்பது அதில் தெரியாது. நாய் என்பதை டபிள்யூ54-உம், வெறிநோய்த் தொற்றுக்கு ஆளான வாய்ப்பை இசட்20.3-உம் காட்டுகின்றன. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் சிராய்ப்புக்கெல்லாம் இரண்டாவது குறியீடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நேரமின்மை உண்மைதான். ஆனால் புண் சிறியது என்பதால் வெறிநோய் ஆபத்து நீங்கிவிடுவதில்லை: ரத்தம் வராத கீறலையும் அந்நிறுவனம் வெறிநோய்த் தொற்று வாய்ப்பின் இரண்டாம் வகையில் வைத்து, உடனே கழுவித் தடுப்பூசி போடச் சொல்கிறது. எஸ் குறியீட்டோடு நின்றுவிட்ட பதிவேட்டை வைத்து ஒரு வட்டாரத்தின் தடுப்பூசித் தேவையைக் கணக்கிட முடியாது. அமெரிக்கப் பதிப்பில் கடிக்கே தனிக் குறியீடு உண்டே என்றால், அதுவும் கடித்த விலங்கு எது என்று சொல்வதில்லை.