இரட்டை நாயனம்

கடாரம் என்றவுடன் நம் மாணவர்க்கு இராசேந்திர சோழனின் கடற்படையும் பூசாங் பள்ளத்தாக்கின் கற்கோயில்களும் நினைவுக்கு வரும். வகுப்பறையில் நாம் கற்பிப்பதும் அவற்றையே. ஆயின், பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய் ஆகிய ஊர்களைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழனின் செவியை வளர்த்தது எது என்ற வினாவை நாம் அதிகம் எழுப்பியதில்லை. அவனுக்குச் சங்கீத சபா இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கிக் கேட்கும் கச்சேரி இல்லை. ஆண்டுக்கொருமுறை மாரியம்மன் திருவிழாவில் அவன் வாசலுக்கே இசை வந்தது. அதுவும் பெரும்பாலும் இருவராக வந்தது.

சிறுவனாக யான் கண்ட காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. பெரட்டுக்களத்தில் தேர் நிற்கும். தவிலுக்கு முன்னே இரு நாயனக்காரர்கள் நிற்பர். மூத்தவர் சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டே கூட்டத்தை நோட்டமிடுவார். இளையவரோ மூத்தவரின் விரல்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். மூத்தவர் ஒரு பிடியை வாசித்து மூச்சு வாங்கும் கணத்தில் இளையவர் அதே இடத்தில் எடுத்துக்கொள்வார். இசை அறுபடுவதே இல்லை. ஊர்வலம் லயம் லயமாகச் சென்று விடியற்காலையில் திரும்பும்வரை இருவரும் இப்படியே மாறி மாறித் தாங்கினர். மறுநாள் பால் வெட்டச் சென்ற பெண்கள் பேசிக்கொண்டதெல்லாம் மூத்தவரைப் பற்றித்தான். இளையவரின் பெயர் எங்களில் எவருக்கும் தெரியாது.

மேலைநாட்டில் ஒரே பியானோவின் முன் இருவர் அமர்ந்து நான்கு கைகளால் வாசிக்கும் மரபு ஒன்று உண்டு. 1765இல் இலண்டனில் ஒன்பது வயதுச் சிறுவன் மோட்சார்ட்டும் அவன் தமக்கை மரியா அன்னாவும் ஒரே ஆர்ப்சிகார்டில் இணைந்து வாசித்தனர். விசைகள் கண்ணுக்குத் தெரியாதபடி அவற்றின்மேல் துணியை விரித்து வாசிப்பர் என விளம்பரமும் செய்யப்பட்டது. ஏறத்தாழ 1780இல் தீட்டப்பட்ட குடும்ப ஓவியத்தில் உடன்பிறந்தார் இருவரின் கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டுக் கிடப்பதைக் காணலாம். ஆனால் 1769ஆம் ஆண்டின் இறுதியில் தந்தையும் மகனும் இத்தாலிக்குப் புறப்பட்டபோது பதினெட்டு வயதுத் தமக்கை வீட்டிலேயே விடப்பட்டாள். தம்பியின் பெயரை உலகம் அறியும். தமக்கையின் பெயரை இசை வரலாறு படித்தோரே அறிவர்.

அந்த மரபுக்கு மற்றொரு பயனும் இருந்தது. ஒலித்தட்டு வருவதற்கு முன், பெருங்குழுவினர் வாசிக்கும் சிம்பொனிகளை நான்கு கைகளுக்கு ஏற்பச் சுருக்கி அச்சிட்டனர். அரங்கத்துக்குச் செல்ல வாய்ப்பில்லாத குடும்பங்கள் பேத்தோவனை வீட்டுப் பியானோவில்தான் அறிந்தன. நம் நாயனமும் ஏறக்குறைய அதே தொண்டைச் செய்தது. தியாகராசரின் கீர்த்தனையைத் தோட்டத்துக் கூலி மேடையில் கேட்கவில்லை. சாமி ஊர்வலத்தில், மண்ணெண்ணெய் விளக்கொளியில், இருவர் ஊதக் கேட்டான். சொல் அவனுக்கு விளங்கவில்லை. இராகம் மனத்தில் தங்கிற்று.

இருவரின் இடர்ப்பாடுகள் மட்டும் வெவ்வேறு. பியானோவில் சுரம் விசையிலேயே நிலைத்திருக்கிறது. அங்கே சிக்கல் இடத்தைப் பற்றியது. முழங்கை இடிக்கும், மிதியை யார் மிதிப்பது என்பதைக்கூட முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். நாகசுரத்தில் சுரம் மூச்சில் பிறக்கிறது. விரல் வைக்கும் துளைகள் ஏழே. அணசுக்கு அருகிலுள்ள ஏனைய துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வர். ஏழு துளைகளுக்குள் அடங்காத நுண்சுரங்களை உதட்டின் அழுத்தமும் காற்றின் அளவுமே தர வேண்டும். நாணலால் ஆன சீவாளி வெயிலில் ஒருவிதமாகவும் பனியில் ஒருவிதமாகவும் பேசும். இத்தகைய இரு கருவிகள் ஒரே சுரத்தில் இழையோடு இழை ஒட்டுவதென்றால், இரு மனிதர் ஒரே அளவில் மூச்சுவிடப் பழக வேண்டும். அதனாலேயே இரட்டை நாயனத்தில் உடன்பிறந்தாரை மிகுதியாகக் காண்கிறோம் என்பது என் கருத்து.

இவ்வகையில் முதலில் சொல்லத்தக்கவர் திருவீழிமிழலைச் சகோதரர்களான சுப்பிரமணிய பிள்ளையும் நடராசசுந்தரம் பிள்ளையும் ஆவர். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை நீண்ட பாரி நாயனத்தில் தனியொருவராய் இராகத்தைப் பெருக்கிப் பெரும்புகழ் பெற்ற காலத்தில், இச்சகோதரர்கள் கீர்த்தனையைப் பாடாந்தரம் வழுவாமல், பாடுவதுபோலவே இருவராக இசைத்தனர். 1956இல் சென்னை மியூசிக் அகாதமி சங்கீத கலாநிதி விருதை வழங்கிற்று. பட்டியலில் உள்ளது மூத்தவர் சுப்பிரமணிய பிள்ளையின் பெயர். தம்பியின் மூச்சு அந்த விருதில் எத்தனை பங்கு என்று அளப்பார் யார்?

1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' வெளிவந்தது. தோட்டத் திடலில் திரை கட்டிப் படம் காட்டிய காலம் அது. சிவாசி கணேசனின் விரல்களையும், தம்பியாக உடன் நின்ற ஏ.வி.எம். இராசனையும் மக்கள் கண்டனர். அந்த நாதத்துக்கு உரியவர்களோ மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நாயனக்காரருக்கு அருகே இன்னொரு நாயனக்காரர் நிற்பதைக் கண்டு தோட்டத்து மக்கள் வியக்கவில்லை. அவர்கள் திருவிழாவில் அன்றாடம் அறிந்த காட்சிதான் அது.

தோட்டங்கள் அதே நிலையில் நீடிக்கவில்லை. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்க 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. திருவிழா சுருங்கிய இடத்தில் முதலில் குறைக்கப்பட்ட செலவு இரண்டாம் நாயனம். ஒருவர் ஊதினால் போதாதா என்று கேட்டனர். அதற்குப்பின் ஒலிபெருக்கியே போதும் என்றாயிற்று. நகரக் கோயில்கள் மட்டும் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கலைஞர்களை ஒப்பந்தத்தில் வரவழைக்கின்றன.

2020இல் இந்திய அரசு நாகசுரக் கலைஞர்களான சேக் மகபூப் சுபானிக்கும் அவர் துணைவியார் காலீசாபி மகபூப்புக்கும் பத்மசிறீ வழங்கியது. சேக் சின்ன மௌலானாவின் மாணாக்கரான இவ்விணையர் ஆந்திரத்தில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்பவர்கள். பட்டியலில் அவ்விருது இருவர் பெயரிலும், இணையர் என்ற குறிப்போடு, ஒரே விருதாக எழுதப்பட்டுள்ளது. அச்செய்தியைப் படித்த நாளில் யான் எங்கள் தோட்டத்து இளைய நாயனக்காரரை நினைத்தேன். அவர் பெயரை அறிந்துவைத்திருந்த தோட்டக் கிராணி காலமாகிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன.