ஐ.வி.எஃப்-க்கு முன்னாடி... வெள்ளைப்படுதலை மறைக்காதீங்க தோழிகளே!

பீடி சுற்றிச் சேர்த்த காசு, அடகுக்குப் போன நகை... முக்கூடலிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் குழந்தைக்காகப் பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ பஸ் ஏறும் பல தம்பதிகளின் சிகிச்சைச் செலவுக்குப் பின்னால் இருப்பது இதுதான். ஒருமுறை கரு பதியாமல் போனால் பணத்தோடு மனசும் கரைஞ்சு போகும். அப்படித் தவித்து நிற்பவர்களின் காதில் இப்போது புதிதாக விழும் வார்த்தை, 'மைக்ரோபயோம்'. அது என்ன? அதற்காகச் செலவு செய்யலாமா?

உள்ளே இருக்கும் காவல்காரர்கள்

பாலில் உறைமோர் ஊற்றினால் தயிராகிறது இல்லையா? அதற்குக் காரணம் லாக்டிக் அமிலம். அதே அமிலத்தைச் சுரக்கும் 'லாக்டோபேசில்லஸ்' வகை பாக்டீரியாக்கள்தான் பெண்ணின் பிறப்புறுப்பிலும் காவல் இருக்கின்றன. 1892-லேயே ஜெர்மனி மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். அங்கே பி.எச் அளவு 3.8 முதல் 4.5 வரை இருந்தால் கெட்ட கிருமிகள் எளிதில் பெருகாது. நல்லவை குறைந்து மற்றவை பெருகும் நிலைக்கு 'பாக்டீரியல் வெஜினோசிஸ்' என்று பெயர். சாம்பல் நிறத்தில் வெள்ளைப்படும். மீன் வாடை அடிக்கும். பலருக்கு அறிகுறியே இருக்காது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2016-ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஐ.வி.எஃப் செய்துகொண்ட 35 பெண்களின் கர்ப்பப்பைத் திரவத்தைப் பரிசோதித்தார்கள். லாக்டோபேசில்லஸ் 90 சதவிகிதத்துக்கு மேல் இருந்தவர்களில் 58.8 சதவிகிதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. அது குறைவாக இருந்தவர்களில் 6.7 சதவிகிதம் பேருக்குத்தான் பிறந்தது. பெரிய வித்தியாசம்தான். ஆனா, மொத்தமே 35 பேர்!

'அப்போ மருந்து கொடுத்துச் சரிபண்ணிட்டா போதுமே?' என்று தோணும். டென்மார்க்கில் அதையும் செய்து பார்த்தார்கள். பாக்டீரியா சமநிலை கெட்டிருந்த 300-க்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஆன்டிபயாடிக்கும், இன்னொரு பகுதியினருக்கு அதோடு நல்ல பாக்டீரியாவும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். கர்ப்பம் தரித்த விகிதம் மருந்தால் கூடவில்லை. தொடர்பு இருக்கலாம், ஆனால், அதைச் சரிசெய்தால் கரு பதியும் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. பெண்ணின் வயதும் கருவின் தரமும்தான் இன்றைக்கும் பெரிய காரணங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* அத்தைகிட்டயோ மயினிகிட்டயோ சொல்லக் கூச்சமா இருந்தாலும், வெள்ளைப்படுதல், வாடை, அரிப்பு, அடிவயிற்று வலி எதையும் டாக்டரிடம் மறைக்காதீங்க. கரு வைப்பதற்கு முன்பே அதற்குச் சிகிச்சை எடுத்துக்கொள்வது நல்லது.

* மெடிக்கலில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீங்க. நல்ல பாக்டீரியாவையும் அது அழிக்கும்.

* வினிகர், டெட்டால், வாசனை வாஷ் போட்டு உள்ளே கழுவவே வேண்டாம். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினாலே போதும்.

* தயிர் சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லது. ஆனா, உள்ளே தடவாதீங்க. வீட்டுத் தயிரில் இருக்கும் பாக்டீரியா வேறு, அங்கே இருக்க வேண்டிய 'கிரிஸ்பேட்டஸ்' வேறு.

* மைக்ரோபயோம் டெஸ்ட் எடுக்கச் சொன்னால், 'இந்த ரிசல்ட் வந்தா என் சிகிச்சையில் என்ன மாறும்?' என்று கேளுங்க. தெளிவான பதில் இல்லைன்னா, அந்தப் பணத்தை அடுத்த சிகிச்சைக்கு வெச்சுக்கோங்க.

கணவருக்கும் பங்கு உண்டு

பாக்டீரியல் வெஜினோசிஸ் குணமாகி மறுபடியும் வருவது சகஜம். ஆஸ்திரேலியாவில் 164 தம்பதிகளிடம் நடந்து 2025-ல் வெளியான ஆய்வில், மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 63 சதவிகிதம் பேருக்குத் திரும்ப வந்தது. கணவருக்கும் சேர்த்துக் கொடுத்தபோது அது 35 சதவிகிதமாகக் குறைந்தது. அதனால் திரும்பத் திரும்ப வந்தால், 'அவருக்கும் மருந்து வேணுமா டாக்டர்?' என்று கேளுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவரையும் கூட்டிட்டுப் போங்க.