நடுக்கடலில் கப்பல் மூழ்கினால் யார் என்ன செய்யணும்? ராஜபாளையம்காரங்களும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கடலே கிடையாது. அப்புறம் கப்பல் விபத்து நமக்கு எதுக்குன்னு தோணலாம். ஆனால் இந்த ரெண்டு ஊர் வழியா செங்கோட்டை, புனலூர் போகிற தேசிய நெடுஞ்சாலை முடியும் இடம் கொல்லம். 2025 மே 26-ல் அந்தக் கொல்லம் கடற்கரையில்தான் கண்டெய்னர்கள் அடுத்தடுத்து கரை ஒதுங்கின.

என்ன நடந்தது?

விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் புறப்பட்ட 'எம்எஸ்சி எல்சா 3' சரக்குக் கப்பல், மே 24-ல் கடலில் சாய்ந்து மறுநாள் மூழ்கியது. ஊழியர்கள் 24 பேரும் மீட்கப்பட்டனர். கப்பலில் இருந்தவை:

* சுமார் 640 கண்டெய்னர்கள்
* சுமார் 367 டன் ஃபர்னஸ் ஆயில், 84 டன் டீசல்
* அபாயகரமான சரக்குடன் 13 கண்டெய்னர்கள், கால்சியம் கார்பைடுடன் 12 கண்டெய்னர்கள்

கால்சியம் கார்பைடுன்னா?

மாம்பழ சீசனில் அதிகாரிகள் குடோன்களில் சோதனை போட்டுத் தேடும் அதே 'கார்பைடு கல்'தான். பழங்களைப் பழுக்க வைக்க இதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வெளியாகும். அது சட்டென்று தீப்பிடிக்கும். அதனால்தான், கரை ஒதுங்கும் கண்டெய்னரைத் தொடாதீங்க, 200 மீட்டர் தள்ளி நில்லுங்க, 112-க்கு போன் பண்ணுங்க என்று கேரள பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரித்தது.

திட்டம் என்ன சொல்கிறது?

இதற்காகவே 1996 முதல் தேசிய எண்ணெய்க் கசிவு பேரிடர் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. பொறுப்புகள் பிரிக்கப்பட்டுள்ளன:

* கடலில்: இந்தியக் கடலோரக் காவல்படை
* துறைமுக எல்லைக்குள்: துறைமுக நிர்வாகம்
* கரையில்: மாநில அரசு, மாவட்ட நிர்வாகம்

கசிவின் அளவும் மூன்று நிலைகள். 700 டன் வரை முதல் நிலை, 10,000 டன் வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. மிதவைத் தடுப்பு போட்டு எண்ணெய் பரவாமல் நிறுத்தி, இயந்திரம் மூலம் உறிஞ்சி எடுப்பதுதான் முதல் வேலை.

எங்கே சிக்கல்?

எண்ணெய் கரையைத் தொட்டதும்தான். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கசிவு இல்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பிறகு திருவள்ளூர், சென்னை, காஞ்சிபுரம் கரைகளில் எண்ணெய் படிந்தது. அளவுப்படி பார்த்தால் அது முதல் நிலைக் கசிவுதான். ஆனாலும் தார் மாதிரி கெட்டியான கழிவை மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளியில் அள்ளியதை நாடே டிவியில் பார்த்தது.

திட்டம் பேப்பரில் இருந்தால் போதாது. முதல் சில மணி நேரத்தில் சரியான தகவல் வரணும், கரையில் இயந்திரமும் பயிற்சி பெற்ற ஆட்களும் தயாரா இருக்கணும். 2025 அக்டோபரில் சென்னையில் நடந்த தேசிய ஒத்திகையில், மெரினாவில் கரையைச் சுத்தம் செய்யும் பயிற்சியும் சேர்க்கப்பட்டதற்கு இதுதான் காரணம்.

மாவட்ட எல்லையோடு நிற்குமா?

நிற்காது. எல்சா 3-ல் இருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரி, தனுஷ்கோடி வரை வந்தன. கேரள அரசு கேட்ட இழப்பீடு 9,531 கோடி ரூபாய். 1,227 கோடிக்கு மேல் பிணைத்தொகை கட்டச் சொல்லி கேரள உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது.

நீங்க என்ன செய்யலாம்?

கொல்லமோ திருச்செந்தூரோ, கடற்கரைக்குப் போகும்போது எண்ணெய்ப் படலம், டிரம், கண்டெய்னர் எதைப் பார்த்தாலும் கிட்ட போகாதீங்க, செல்ஃபி எடுக்காதீங்க, குழந்தைகளை விடாதீங்க. 112-க்கோ கடலோரக் காவல்படையின் 1554-க்கோ உடனே சொல்லுங்க. எந்த இடம், எத்தனை மணி, என்ன நிறம், என்ன வாடை என்று சொன்னால் போதும்.