முதுமையின் வலியும் மனத்தின் சுமையும்

மூப்பு வந்தால் நோவும் வரும் எனக் கூறி, முதியோரின் முறையீட்டை நாம் தள்ளிவிடுகிறோம். வலி உடலுக்கு மட்டுமே உரியதென்ற எண்ணம் பழையது. பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட் இறந்தபின் 1664இல் வெளிவந்த அவரது நூல், வலியைக் கயிற்றை இழுத்ததும் ஒலிக்கும் மணிக்கு ஒப்பிட்டது. 1965இல் மெல்சாக், வோல் என்னும் விஞ்ஞானிகள் வேறு விளக்கம் தந்தனர்: முண்ணாணில் வாயில் போன்றதோர் அமைப்புண்டு, மூளையும் அதனைத் திறக்கவோ அடைக்கவோ வல்லது என்றனர். விவரங்கள் பின்னர் திருத்தம் பெற்றன. வலியில் மனத்துக்கும் பங்குண்டு என்ற உண்மை நிலைத்தது.

ஓயாத மூட்டுவலி முதியவரின் உறக்கத்தையும் நடமாட்டத்தையும் பறிக்கிறது, உளச்சோர்வு பிறக்கிறது, அச்சோர்வு வலியைப் பெருக்குகிறது. தனிமையும் வறுமையும் இச்சுழலை இறுக்குகின்றன. ஆகவே மாத்திரை மட்டும் போதாது. ஓய்வூதியமும், துணையும், செவிசாய்க்கும் வைத்தியமும் உழைத்து ஓய்ந்தோர் நம்மிடம் கேட்கும் உரிமைகளாகும்.